அலங்காரக் கலை – ஒரு பெயரின் வரலாறு

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னாவில் உள்ள கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு உப்புக் கிண்ணம் இருக்கிறது. இத்தாலியச் சிற்பி பென்வெனுட்டோ செல்லினி, பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சிஸுக்காக 1543-ல் செய்து முடித்தது. தங்கமும் எனாமலும் கொண்டு செய்த இந்தக் கிண்ணத்தில் கடல் தேவனும் பூமி தேவியும் எதிரெதிரே சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடல் தேவன் பக்கத்தில் இருக்கும் குட்டிக் கப்பலில் உப்பைப் போட வேண்டும். பூமி தேவி பக்கத்தில் இருக்கும் குட்டிக் கோயிலில் மிளகைப் போட வேண்டும். 2003-ல் இது திருடு போய், 2006-ல் மீட்கப்பட்டது.

இது சிற்பமா, சாப்பாட்டு மேசைச் சாமானா?

கேள்வி வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகத்தான் ஐரோப்பாவில் "அலங்காரக் கலை" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பெயரால் சிலர் உயர்ந்தார்கள், பலர் தாழ்ந்தார்கள். சிலருக்கு வரி விலக்குக் கிடைத்தது, பலருடைய பெயரே மறைந்து போனது. ஒரு பெயர் எப்படி இவ்வளவு வேலை செய்தது என்று பார்ப்போம்.

அலங்காரக் கலை என்றால் என்ன?

பயன்படுத்தும் பொருளை அழகாகச் செய்யும் கலை என்பது பொதுவான விளக்கம். நாற்காலி, மேசை, மண்பாண்டம், பீங்கான், கண்ணாடி, துணி, கம்பளம், நகை, உலோக வேலை, சுவர்க் காகிதம், புத்தகக் கட்டு எல்லாம் இதில் அடங்கும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது கவின்கலை அல்லது நுண்கலை. அதாவது ஓவியமும் சிற்பமும். இவை பார்த்து ரசிப்பதற்கு மட்டுமே, வேறு பயன் கிடையாது என்பது வாதம்.

இந்த விளக்கத்தைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் பல்லிளிக்கிறது. ஒரு பூ வேலைப்பாடும் இல்லாத மொட்டை நாற்காலியைக்கூட அருங்காட்சியகங்கள் அலங்காரக் கலைப் பிரிவில்தான் வைக்கின்றன. ஆனால் ஒரு கட்டடத்தின் கூரையை அழகுபடுத்துவதற்காகவே 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ வரைந்த சிஸ்டைன் சிற்றாலய ஓவியங்கள் கவின்கலை! கட்டடக்கலையோ, மழைக்கு ஒதுங்கப் பயன்பட்டாலும் பெரும்பாலும் கவின்கலையோடுதான் சேர்க்கப்படுகிறது. ஆகவே அலங்காரம் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து இந்தப் பிரிவு செய்யப்படவில்லை. அப்படியானால் எதை வைத்துச் செய்யப்பட்டது? அதற்கு வரலாற்றுக்குப் போக வேண்டும்.

சங்கத்திலிருந்து அகாதமிக்கு

இடைக்கால ஐரோப்பாவில் ஓவியரும் தச்சரும் பொற்கொல்லரும் ஒரே மாதிரியான தொழிலாளிகள். எல்லோரும் ஏதாவது ஒரு தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரத்தில் ஓவியர்கள், மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் இருந்த சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள்.

இந்த நிலையிலிருந்து வெளியே வர ஓவியர்களும் சிற்பிகளும் விரும்பினார்கள். "எங்கள் வேலை கையால் செய்வது மட்டுமல்ல, அறிவால் செய்வது" என்று வாதாடினார்கள். 1563-ல் ஜார்ஜியோ வசாரியின் முயற்சியால் ஃபிளாரன்ஸில் ஓர் அகாதமி தொடங்கப்பட்டது. ஓவியம், சிற்பம், கட்டடக்கலை மூன்றும் அதில் இடம் பெற்றன. சில ஆண்டுகளில் அதன் உறுப்பினர்களுக்குப் பழைய சங்கக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கும் கிடைத்தது. 1648-ல் பாரிஸில் இதேபோல ஓர் அகாதமி வந்தது. 1746-ல் சார்ல் பத்தே என்ற பிரெஞ்சு அறிஞர் கலைகளை மூன்றாகப் பிரித்துப் புத்தகம் எழுதினார். தேவைக்கான கலைகள், இன்பத்துக்கான கலைகள், இரண்டும் கலந்தவை. இன்பத்துக்கான கலைகளுக்குத்தான் "கவின்கலை" என்று பெயர். இசை, கவிதை, ஓவியம், சிற்பம், நடனம் ஆகியவை அதில் வந்தன.

லண்டனில் 1768-ல் ராயல் அகாதமி தொடங்கப்பட்டது. 1770-ல் அது ஒரு தீர்மானம் போட்டது. ஊசி வேலை, காகித வெட்டு வேலை, செயற்கைப் பூக்கள், சிப்பி வேலை முதலியவற்றைக் கண்காட்சியில் அனுமதிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்மானம். இந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் இருந்து செய்தவை. ராயல் அகாதமியைத் தொடங்கியவர்களில் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் ஓவியர்கள் என்பதால் உள்ளே இருந்தார்கள். ஊசி பிடித்தவர்கள் வெளியே நின்றார்கள்.

ஆக, பிரிவினை முதலில் பொருளைப் பார்த்து வரவில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று ஆட்களைப் பார்த்து வந்தது.

வியாபாரத்தில் பிறந்த பெயர்

வெளியே நின்ற இந்தக் கலைகளைப் பற்றி அரசாங்கங்கள் ஏன் திடீரென்று கவலைப்பட்டன? காரணம் ஏற்றுமதி!

இந்தப் போட்டிக்கு ஒரு முன்கதை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டன. துவைத்தாலும் சாயம் போகாத துணி அங்கே புதுமை. கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். பிரான்ஸ் 1686-ல் அதற்குத் தடை போட்டது. இங்கிலாந்து 1701-லும் 1721-லும் தடைச் சட்டங்களைக் கொண்டு வந்தது. அப்போது அந்தத் துணிக்குப் பெயர் "சரக்கு". இன்று அதே துணியின் துண்டுகள் லண்டன் அருங்காட்சியகத்தில் "அலங்காரக் கலை".

பிறகு தொழிற்புரட்சி வந்தது. இங்கிலாந்தின் இயந்திரங்கள் மலிவாகத் துணி நெய்தன. ஆனால் டிசைன் என்று வரும்போது பிரெஞ்சுப் பட்டுக்கும் பிரெஞ்சுச் சாமான்களுக்கும்தான் மவுசு. 1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கலையும் உற்பத்தியும் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் விளைவாக 1837-ல் லண்டனில் அரசு டிசைன் பள்ளி திறக்கப்பட்டது.

1851-ல் லண்டனில் பளிங்கு மாளிகை என்று பெயர் பெற்ற கண்ணாடிக் கட்டடத்தில் பெரிய பொருட்காட்சி நடந்தது. சுமார் 60 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டனின் இயந்திரப் பொருள்களில் தேவையில்லாத வேலைப்பாடுகள் அப்பிக் கிடப்பதாக விமர்சகர்கள் குறை சொன்னார்கள். இந்தியத் துணிகளையும் உலோக வேலைகளையும் பார்த்து வியந்தார்கள். நிறம், வடிவம், பொருள் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி இருக்கின்றன என்றார்கள். பொருட்காட்சியிலிருந்து வாங்கிய சாமான்களை வைத்து 1852-ல் ஹென்றி கோல் என்ற அதிகாரி ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். முதல் பெயர் உற்பத்திப் பொருள்களின் அருங்காட்சியகம். அடுத்த ஆண்டே அலங்காரக் கலை அருங்காட்சியகம் ஆயிற்று. 1857-ல் தென் கென்சிங்டனுக்கு இடம் மாறியது. இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அதுதான்.

1856-ல் ஓவன் ஜோன்ஸ் உலகம் முழுவதிலிருந்தும் அலங்கார வடிவங்களைத் திரட்டி ஒரு பெரிய வண்ணப் புத்தகம் வெளியிட்டார். அதில் இந்தியாவுக்கும் இடம் உண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. 1866-ல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் இந்தியத் துணிகளின் 700 மாதிரிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளாக்கினார். மொத்தம் 20 பிரதிகள். அதில் 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள் என்று தெரிந்துகொண்டு அதேபோல நெய்து இந்தியாவிலேயே விற்க பிரிட்டிஷ் ஆலைகளுக்கு அது உதவும் என்பது எண்ணம். அலங்காரக் கலை என்று புகழப்பட்ட டிசைன், அதை நெய்தவருக்குப் போட்டியாகத் திரும்பி வந்தது. மாதிரித் துணியில் ஊர்ப்பெயர் இருந்தது. நெய்தவர் பெயர் இல்லை.

வில்லியம் மாரிஸின் கோபம்

இந்தப் பிரிவினையை எதிர்த்து உரக்கப் பேசியவர் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ். கவிஞர், டிசைனர், முதலாளி, பின்னாளில் சோஷலிஸ்ட். 1861-ல் நண்பர்களோடு சேர்ந்து அறைகலன், கண்ணாடி, துணி, சுவர்க் காகிதம் செய்யும் கம்பெனி தொடங்கினார். 1877-ல் தொழிலாளர்கள் கூட்டத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அது முதலில் "அலங்காரக் கலைகள்" என்ற தலைப்பில் அச்சானது. பிறகு 1882-ல் புத்தகத்தில் சேர்த்தபோது "சிறு கலைகள்" என்று தலைப்பு மாறியது.

பெரிய கலை, சிறிய கலை என்று பிரிந்தால் இரண்டுமே கெடும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். சிறிய கலை அறிவற்ற இயந்திர வேலையாகிவிடும். பெரிய கலை பணக்காரர்களின் பொழுதுபோக்காகிவிடும். தினமும் கையில் எடுக்கும் பொருளைச் செய்பவனுக்கு அந்த வேலையில் மகிழ்ச்சி இருக்க வேண்டும், அதுதான் கலை என்றார்.

ஆனால் மாரிஸின் கணக்கு ஓரிடத்தில் இடித்தது. கையால் செய்ததால் விலை ஏறியது. விலை ஏறியதால் பணக்காரர்கள் மட்டுமே வாங்கினார்கள். இந்த முரண்பாடு அவரையே உறுத்தியது.

வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் நேர் எதிராகப் பேசினார். அலங்காரமே வேண்டாம் என்றார்! அதற்கு அவர் சொன்ன காரணம் பொருளாதாரம். வேலைப்பாடுள்ள பொருளுக்கு அதிக நேரம் ஆகிறது, ஆனால் செய்தவனுக்கு அதற்கேற்ற கூலி கிடைப்பதில்லை. ஃபேஷன் மாறியதும் நல்ல பொருளைத் தூக்கிப் போடுகிறார்கள். ஆகவே உழைப்பும் வீண், பொருளும் வீண் என்பது அவர் கட்சி. ஒருவர் அலங்காரத்தைக் காப்பாற்ற நினைத்தார், இன்னொருவர் ஒழிக்க நினைத்தார். இரண்டு பேருமே தொழிலாளியின் பெயரைச் சொல்லித்தான் வாதாடினார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

"ஆர்ட் டெகோ" வந்த கதை

பாரிஸில் 1925-ல் நவீன அலங்காரக் கலைகளுக்கும் தொழிற்கலைகளுக்குமான சர்வதேசக் கண்காட்சி நடந்தது. அலங்காரக் கலை என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம்தான் "ஆர்ட் டெகோ". 1960-களில்தான் இந்தச் சுருக்கப் பெயர் பரவியது. 1968-ல் பெவிஸ் ஹில்லியர் எழுதிய புத்தகம் அதை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தியது. சென்னை பாரிமுனையில் 1940-ல் எழுந்த டேர் ஹவுஸ் கட்டடம் இந்தப் பாணிக்கு நம் ஊர் உதாரணம். அந்த வழியாகப் போகும் எத்தனையோ பேருக்கு ஓர் அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயர் அந்தக் கட்டடத்தின் மேல் ஒட்டியிருப்பது தெரியாது.

இந்தியாவுக்குக் கிடைத்த பட்டம்

அலங்காரக் கலை என்ற சொல் இந்தியாவுக்கு வந்தபோது அது பாராட்டாகவும் வந்தது, பூட்டாகவும் வந்தது.

சர் ஜார்ஜ் பேர்ட்வுட் என்பவர் இந்தியக் கைத்தொழில்களின் பெரிய ரசிகர். 1880-ல் இந்தியத் தொழிற்கலைகள் பற்றி ஒரு விரிவான புத்தகம் எழுதினார். கிராமத்துக் குயவரையும் நெசவாளரையும் மனமாரப் புகழ்ந்தார். ஆனால் அதே மனிதர் இந்தியாவில் கவின்கலை என்று ஒன்று இல்லை என்றும் நம்பினார். 1910-ல் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் ஜாவாவைச் சேர்ந்த புத்தர் சிலையின் படம் காட்டப்பட்டது. அந்தச் சிலையைக் கொழுப்பு சேர்த்து அவித்த ஒரு பலகாரத்தோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார் பேர்ட்வுட். பெரிய சர்ச்சை எழுந்தது. ஆங்கிலேயக் கலைஞர்கள் பலர் கையெழுத்திட்டு டைம்ஸ் பத்திரிகையில் மறுப்புக் கடிதம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு லண்டனில் இந்தியா சொசைட்டி உருவானது.

பேர்ட்வுட்டை எதிர்த்த அணியில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் ஈ.பி.ஹேவல். இவர் சென்னைக் கலைப் பள்ளியில் கண்காணிப்பாளராக இருந்து, பின்னர் கல்கத்தாவுக்குப் போனவர். இன்னொருவர் ஆனந்த குமாரசாமி. 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்துக்குமாரசாமி இலங்கைத் தமிழர், தாயார் ஆங்கிலேயர்.

குமாரசாமிக்கும் மாரிஸுக்கும் ஒரு சுவையான தொடர்பு உண்டு. கண்டியக் கைவினைஞர்களைப் பற்றிக் குமாரசாமி எழுதிய இடைக்காலச் சிங்களக் கலை என்ற நூல், மாரிஸின் அச்சகத்திலிருந்து வந்த கை அச்சு இயந்திரத்தில்தான் 1908-ல் அச்சிடப்பட்டது.

அலங்காரம் என்ற சொல்லையே குமாரசாமி 1939-ல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். வடமொழியில் "அலம்" என்றால் போதும் என்று பொருள். அப்படியானால் அலங்காரம் என்பது ஒன்றைப் போதுமானதாக ஆக்குவது, நிறைவு செய்வது. மேலே ஒட்டும் வீண் சேர்க்கை என்ற அர்த்தம் பிற்காலத்தில் வந்தது என்பது அவர் வாதம். ராணுவ வீரனுக்கு ஆயுதம் அலங்காரம், அது இல்லாமல் அவன் வீரனாக இருக்க முடியாது என்ற வகையில் யோசித்தால் இது புரியும்.

தமிழிலும் இதற்குத் துணை இருக்கிறது. "அணி" என்ற சொல்லுக்கு நகை என்றும் பொருள், வரிசை என்றும் பொருள். செய்யுளின் அழகைச் சொல்லும் இலக்கணத்துக்கும் அணியிலக்கணம் என்றே பெயர். "ஆய கலைகள் அறுபத்து நான்கு" என்று சொல்கிறோமே, காமசூத்திரம் தரும் அந்த 64 கலைகளின் பட்டியலில் பாட்டும் நடனமும் ஓவியமும் பூத்தொடுப்பதும் சமையலும் ஒரே வரிசையில் வருகின்றன. இதை வைத்துப் பழைய காலத்தில் எல்லோரும் சமமாக இருந்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாதி என்ற கோடு இங்கே வேறு விதமாகப் போடப்பட்டிருந்தது. ஆனால் "பயனுள்ளது தாழ்ந்தது, பயனற்றது உயர்ந்தது" என்ற கோடு இந்தப் பட்டியலில் இல்லை.

ஜப்பானிலும் இதேபோல நடந்தது. 1873-ல் வியன்னா கண்காட்சிக்குப் பொருள் அனுப்ப வேண்டியிருந்தபோது, கவின்கலை என்பதற்கு ஜப்பானிய மொழியில் சொல் இல்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டி வந்தது.

ஒரு கல்லூரியின் பெயர்ப்பலகை

சென்னையில் 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். பிறகு அரசு அதை ஏற்றுக்கொண்டது. தொழிற்கலைப் பள்ளி என்று பெயர். 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் இங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். ஆமாம், கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம்! பிற்பாடு அது தனித் தொழிலாகவே வளர்ந்தது. காலப்போக்கில் பெயர் கலை மற்றும் கைவினைப் பள்ளி ஆயிற்று. இன்று அதன் பெயர் அரசு கவின்கலைக் கல்லூரி. தொழிற்கலை, கைவினை, கவின்கலை... ஐரோப்பாவின் மொத்தச் சண்டையும் ஒரே பெயர்ப்பலகையில் தெரிகிறது.

அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் சேர்ந்து 1966-ல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? ஓவியம் விற்று வரவில்லை. பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். அலங்காரக் கலை சோறு போட்டது, கவின்கலை பெயர் வாங்கியது.

கோடு இன்னும் இருக்கிறது

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1926-ல் கான்ஸ்டன்டின் பிரான்குசியின் "வெளியில் பறவை" என்ற உலோகச் சிற்பம் அமெரிக்கா வந்தபோது, சுங்க அதிகாரிகள் அதைச் சமையலறைச் சாமான், மருத்துவமனைச் சாமான் வகையில் சேர்த்து 40 சதவீத வரி போட்டார்கள். கலைப்பொருளுக்கு வரி இல்லை. வழக்கு 1928-ல் சிற்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, பயன் எதுவும் இல்லை, ஆகவே கலை என்ற ரீதியில் தீர்ப்பு அமைந்தது.

இன்று உலக நாடுகள் பின்பற்றும் சுங்க வகைப்பாட்டில் கலைப்பொருளுக்கு 97-ஆம் அத்தியாயம். கையால் வரைந்த ஓவியத்துக்கு அங்கே இடம் உண்டு. ஆனால் தயாரிக்கப்பட்ட ஒரு பொருளின் மேல் கையால் வரைந்தால் இடம் இல்லை. வணிகத் தன்மையுள்ள வழக்கமான கைவினைச் சிலைக்கும் இடம் இல்லை, அதை ஒரு கலைஞரே செய்திருந்தாலும்!

சுவாமிமலை வெண்கலச் சிலைகள், தஞ்சாவூர் ஓவியம், தஞ்சாவூர்க் கலைத்தட்டு எல்லாம் புவிசார் குறியீடு பெற்றிருக்கின்றன. கைவினைப் பொருள் என்ற பிரிவில். இதனால் போலிகளைத் தடுக்க வழி இருக்கிறது, ஊருக்குப் பெயர் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களைப் பார்த்து, பிரெஞ்சுச் சிற்பி ரோதின் மெய்மறந்து எழுதிய கட்டுரை 1921-ல் வெளியானது. அந்தச் சோழர் சிலை உலகின் தலைசிறந்த சிற்பங்களில் ஒன்று. அதே மெழுகு முறையில், காவிரிக் கரையில் இன்று வார்க்கப்படும் சிலை கைவினைப் பொருள். ஆயிரம் ஆண்டுக்கு முன் செய்தால் கவின்கலை, இன்று செய்தால் கைவினை என்றால் வித்தியாசம் சிலையில் இருக்கிறதா, பெயர் வைப்பவரிடம் இருக்கிறதா?

அலங்காரக் கலை என்ற சொல்லைத் தூக்கி எறிய வேண்டிய அவசியம் இல்லை. அருங்காட்சியகத்தில் அறை பிரிக்கவும், ஒரு நாற்காலியைப் பற்றிப் படிக்கவும் அது உதவும். ஆனால் அந்தச் சொல்லைத் தரத்தை அளக்கும் கோலாகப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. ஓவியத்தின் மூலையில் ஓவியர் கையெழுத்துப் போடுகிறார், அதனால் விலை ஏறுகிறது. ஒரு பட்டுப் புடவைக்கு ஊர்ப்பெயரும் கடைப்பெயரும் இருக்கின்றன. நெய்தவரின் பெயரை முந்தானையில் போட்டால் என்ன? அதற்குச் செலவு ஒன்றும் அதிகம் ஆகாது.